ஏற்கெனவே பயந்த சுபாவம் உள்ள கணவருக்கோ மனைவிக்கோ பெருந்தொற்று நேரத்தில் நோய் வந்துவிட்டால் எப்படித் துணையாக இருப்பது?

"ஒண்ணும் ஆகாது, தைரியமா இருங்க" என்று சொல்வதை முதலில் விட்டுவிடுங்கள். பயந்த சுபாவம் உள்ளவரிடம் அந்தப் பேச்சு எடுபடாது. அவர் மனசு உடனே "ஆயிட்டா?" என்று கேட்கும், அதற்கு உங்களிடம் பதில் இருக்காது. அந்த "ஆயிட்டா" என்ற கேள்விக்குத்தான் பதில் வேண்டும். அப்படி ஆகிவிட்டால் என்ன செய்வோம், எங்கே போவோம், யார் கூட வருவார்கள் என்பதை அவர் தெளிவாக இருக்கும் பகல் நேரத்தில் இரண்டு பேருமாக உட்கார்ந்து முடிவு செய்து ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். ராத்திரியில் முடிவெடுக்கிற வேலையே இருக்கக் கூடாது.

நாங்கள் புதுச்சேரி முத்தியால்பேட்டை. என் வீட்டுக்காரர் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறார். கொரோனாவுக்குப் பல வருடம் முன்பிருந்தே அவருக்குப் படபடப்பு உண்டு, மனநல மருத்துவரிடம் காட்டி மாத்திரையும் எடுத்துக்கொண்டிருந்தார். 2021 மே மாதம், இரண்டாவது அலை உச்சத்தில் இருந்தபோது அவருக்குப் பாசிட்டிவ் வந்தது. அந்த மாதம் எப்படி இருந்தது என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மே 7ஆம் தேதி முதல்வராகப் பதவியேற்ற ரங்கசாமிக்கே இரண்டு நாளில் தொற்று என்று செய்தி வந்து, சென்னைக்குப் போய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். "சி.எம்.முக்கே இந்த நிலைமைன்னா நம்ம எல்லாம் எம்மாத்திரம்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார் இவர். டிவியைப் போட்டால் டெல்லியில் ஆக்ஸிஜன் இல்லாமல் ஆட்கள் தவிப்பதைக் காட்டுகிறார்கள்.

இந்த நோயில் பயந்தவர்களுக்கு ஒரு பெரிய கொடுமை இருக்கிறது. பதற்றம் உச்சத்துக்குப் போகும்போது என்ன ஆகும்? மூச்சு முட்டும், நெஞ்சு படபடக்கும், கை வேர்க்கும், விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போகும். வேகவேகமாக மூச்சு விடுவதில் உடம்பில் கார்பன் டை ஆக்ஸைடு குறைவதால் வருவது அந்த மரமரப்பு. கொரோனாவும் அதே நெஞ்சில்தான் கை வைக்கிறது. போதாததற்கு, இந்த நோயில் சிலருக்கு மூச்சுத் திணறலே தெரியாமல் ஆக்ஸிஜன் இறங்கிவிடும். ஆகவே "எனக்கு மூச்சு முட்டுது" என்பதை வைத்துப் பயப்படவும் முடியாது, "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்பதை வைத்து நிம்மதியாக இருக்கவும் முடியாது. உடம்பு சொல்வதை நம்பலாமா என்று ஏற்கெனவே குழம்பிக் கிடப்பவரை இது எந்த அளவுக்கு ஆட்டும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் பேச்சை விட ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் எண்ணும் எழுதி வைத்த தாளும் உதவும் என்கிறேன்.

ஆனால் விரலில் மாட்டி அந்த எண்ணைப் பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் மிஷினே பயத்தைக் கூட்டவும் செய்யும், அதைக் கையாளத் தெரிய வேண்டும். அதில் இரண்டு எண் வரும். ஒன்று ஆக்ஸிஜன், இன்னொன்று நாடித்துடிப்பு. இவர் பார்ப்பது எல்லாம் இரண்டாவதைத்தான். ஆக்ஸிஜன் 97 இருக்கும், நாடி 112 என்று காட்டும், அந்த 112ஐப் பார்த்ததும் 120க்கு ஏறும், அதைப் பார்த்து இன்னும் ஏறும். போனில் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரிடம் கேட்டோம். காய்ச்சலுக்கும் பயத்துக்கும் நாடி கூடத்தான் செய்யும், காலையிலும் மாலையிலும் நீங்கள் பார்த்து எனக்குச் சொன்னால் போதும், அவர் பார்க்க வேண்டாம் என்றார். அந்த எண் வரும் இடத்தில் ஒரு துண்டு வெள்ளை பிளாஸ்திரி ஒட்டினேன், காலையும் மாலையும் நான் மட்டும் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டிவிடுவேன். கை சில்லென்று இருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் மிஷின் தப்பாகக் காட்டும், விரலை ஆட்டினாலும் அப்படித்தான். கையைத் தேய்த்துச் சூடாக்கி, உட்கார்ந்து, எண் ஒரு இடத்தில் நிற்கும் வரை காத்திருந்து அப்புறம்தான் எழுத வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு வேளை, நேரம் குறித்து. மற்ற நேரத்தில் மிஷின் என்னிடம் இருக்கும். நடுவில் அவர் கேட்டால் "பத்து மணிக்குப் பார்க்கலாம்" என்பேன், ஆள் உண்மையிலேயே வாடித் தெரிந்தால் நானே எடுத்து நீட்டிவிடுவேன். கேட்கும்போதெல்லாம் கொடுத்தால் ஐந்து நிமிடம் நிம்மதி, ஆறாவது நிமிடம் மறுபடி கேட்பார்.

எங்கள் தாளில் இருந்தது இதுதான். ஆக்ஸிஜன் 94க்குக் கீழே காட்டி, கையைச் சூடாக்கி மறுபடி மறுபடி பார்த்தும் அப்படியே இருந்தால் கிளம்ப வேண்டியது, யாரிடமும் யோசனை கேட்க வேண்டியதில்லை. 94, 95லேயே நின்றால் டாக்டருக்குப் போன். நெஞ்சில் விடாத வலி, உதடு நீலம், பேச்சில் குழப்பம், எழுப்பினால் எழுந்திருக்க முடியாத மயக்கம், இதில் எது வந்தாலும் மிஷினைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. முதலில் கதிர்காமம் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி, அங்கே படுக்கை இல்லையென்றால் கோரிமேடு ஜிப்மர். வண்டிக்கு 108, கூடவே என் தம்பியின் கார். பாப்பாவையும் அத்தையையும் கொழுந்தனார் வந்து பார்த்துக்கொள்வார். பையில் ஆதார், ரிசல்ட் பேப்பர், பழைய மாத்திரைச் சீட்டு, செல்போன் சார்ஜர். இவ்வளவுதான், ஒரு பக்கம் கூட இல்லை. அதை அவர் கையாலேயே எழுதச் சொன்னேன், அவர் எழுத்து என்பதால் அவருக்கு அதில் ஒரு பிடிப்பு வந்தது. 2022 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வீட்டுத் தனிமை வழிகாட்டுதலிலும் கிட்டத்தட்ட இந்த மாதிரிதான் இருக்கிறது: ஒரு மணி நேரத்துக்குள் குறைந்தது மூன்று முறை பார்த்தும் 93 அல்லது அதற்குக் கீழே இருந்தால், நிமிடத்துக்கு 24க்கு மேல் மூச்சு வாங்கினால், மூன்று நாளைத் தாண்டியும் 100 டிகிரிக்கு மேல் காய்ச்சல் விடாமல் இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும் என்று. உங்கள் தாளை உங்கள் டாக்டரிடம் ஒரு முறை படித்துக் காட்டிவிடுங்கள். வேறு ஒரு நோய் என்றால் எண்ணும் மாறும், அறிகுறியும் மாறும்.

அப்புறம் ராத்திரி. பகலில் எப்படியோ ஓடிவிடும், ஒரு மணிக்கு மேல்தான் அவர் தனியாக இருந்த அறைக் கதவுக்கு உள்ளே இருந்து குரல் வரும். "என்னமோ மாதிரி இருக்கும்மா, இழுத்தா மூச்சு உள்ள போவ மாட்டேங்குது." நான் கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கொல்லைப்பக்க ஜன்னலைத் திறந்து வைத்து, மாஸ்க்கோடு உட்கார்ந்திருப்பேன். முதலில் மிஷின். 97 என்று வந்தால் அந்த எண்ணை மட்டும் சொல்வேன், "பார்த்தீங்களா, நான்தான் சொன்னேனே" என்று சேர்க்க மாட்டேன். அது எரிச்சலைத்தான் கிளப்பும். "நல்லா இழுத்து மூச்சு விடுங்க" என்று எல்லோரும் சொல்வார்கள், ஏற்கெனவே அதிகமாக இழுத்துக்கொண்டிருப்பவருக்கு அது இன்னும் மோசம். இழுப்பதைப் பற்றிப் பேசாமல் விடுவதை மட்டும் நீட்டச் சொல்ல வேண்டும், வாயைக் குவித்து மெதுவாக ஊதுவது மாதிரி. கூடவே மனசுக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். நான் கேட்பது, "என்னங்க, நம்ம மணிக்கூண்டுல இருந்து அஜந்தா சிக்னல் வரைக்கும் இடது பக்கம் என்னென்ன கடைங்க இருக்கு, வரிசையா சொல்லுங்க." ஸ்டோர்ஸ் வேலை பார்க்கும் ஆள் இல்லையா, வரிசை தப்பினால் அவருக்கே பொறுக்காது. மெடிக்கலுக்கும் டெய்லர் கடைக்கும் நடுவில் என்ன என்று யோசித்துக்கொண்டே வருவார், பாதி வழியில் குரல் சாதாரணமாகிவிடும். இந்தப் பதற்ற அலை பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் அப்புறம் தானாக இறங்கும். அதைத் தெரிந்து வைத்திருப்பது கூட இருப்பவருக்குப் பெரிய பலம், ஏனென்றால் அந்தப் பத்து நிமிடம் நீங்கள் பதறாமல் இருக்க வேண்டும். இறங்காமல் போய், எண்ணும் குறைந்தால் தாளில் உள்ளபடி செய்ய வேண்டியதுதான்.

இன்னொன்று, எதற்குப் பயப்படுகிறார் என்று நேராகக் கேளுங்கள். சாவுக்குப் பயம் என்று நாமாக நினைத்துக்கொள்வோம். நான் ஒரு நாள் சாயங்காலம் கேட்டபோது அவர் சொன்னது வேறு. ஆஸ்பத்திரிக்குள் போனால் யாரையும் பார்க்க முடியாது, ஏதாவது ஆனால் பிளாஸ்டிக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், பாப்பா முகத்தைக் கூடப் பார்க்க மாட்டாள் என்பதுதான் உள்ளே அறுத்துக்கொண்டிருந்தது. இதற்கு "அப்படியெல்லாம் பேசாதீங்க" என்று வாயை அடைத்திருந்தால் அவர் தனியாக அதையே மென்றுகொண்டிருந்திருப்பார். விசாரித்தேன். போனும் சார்ஜரும் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். 2020 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் கொடுத்த வழிகாட்டுதலிலேயே, முகத்தைத் திறந்து குடும்பத்தார் கடைசியாக ஒரு முறை பார்க்கலாம், உடலைத் தொடாமல் சடங்குகள் செய்யலாம் என்று இருந்தது. அதையும் மறைக்காமல் சொன்னேன். இதைப் போய் நோயாளியிடம் யாராவது சொல்வார்களா என்று அத்தை கோபித்துக்கொண்டார்கள். ஆனால் அவர் கேட்டது அதைத்தான், கேட்டதற்குப் பதில் கிடைத்தது, அன்றைக்கு நன்றாகத் தூங்கினார்.

சாவுச் செய்தி விஷயம். அந்த மாதத்தில் தினமும் யாராவது ஒருவர் போய்க்கொண்டிருந்தார்கள். அதை அவரிடமே கேட்டு முடிவு செய்தேன்: "தெரிஞ்சவங்க யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா உடனே சொல்லணுமா, நல்லானதும் சொல்லணுமா?" நல்லானதும் சொல் என்றார். அவரோடு வேலை பார்த்த ஒருவர் அதே வாரம் தவறிப்போனார். போனை என்னிடம் கொடுத்திருந்ததால் தெரியவில்லை. எழுந்து நடமாட ஆரம்பித்ததும் உட்கார வைத்துச் சொன்னேன். அழுதார், ஆனால் மறைத்துவிட்டாயே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, நாங்கள் பேசி வைத்தபடிதானே நடந்தது.

சொந்தக்காரர்கள் போன் எல்லாம் என்னிடமே வரட்டும் என்று சொல்லிவிட்டேன். பெரியப்பா ஒருவர், "ஆம்பளை இப்படிப் பயந்தா வீட்ல இருக்கிறவங்க என்ன ஆவறது" என்று ஆரம்பித்தார். இந்தப் பேச்சு எனக்குப் பொறுக்காது. பயம் ஆணுக்கும் வரும், அதைச் சொல்லக் கூட விடாமல் செய்தால் அது நெஞ்சு வலியாகவும் தூக்கமில்லாமலும் வெளியே வரும். மரியாதையாகவே சொன்னேன், "பெரியப்பா, அவர் நல்லானப்புறம் நீங்க பேசுங்க, இப்ப நான் பார்த்துக்கறேன்" என்று.

மருந்து விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் ஸ்டீராய்டு மாத்திரைச் சீட்டு அப்போது சுற்றிக்கொண்டிருந்தது. ஆக்ஸிஜன் தேவைப்படும் நோயாளிகளுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உயிர் காக்கும் மருந்து, 2020இல் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வு அதைக் காட்டியது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதில் பலன் இல்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. பதற்றம் உள்ளவருக்கு ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுத்து மனசைக் கிளறிவிடும், சர்க்கரையையும் ஏற்றும். டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது. இதைவிட முக்கியம், ஏற்கெனவே சாப்பிடும் பதற்ற மாத்திரையை நிறுத்தக் கூடாது. "இத்தனை மாத்திரையா, அதை இப்ப விட்டுடுங்க" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், படபடப்பு, தூக்கமின்மை வரும், அது நோயா மருந்து விட்டதா என்று தெரியாமல் இன்னும் குழப்பம். இரண்டு டாக்டர்களுக்கும் இரண்டு சீட்டையும் போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள். காபியைக் குறைத்தோம், அதற்குப் பதில் ரசமும் கஞ்சியும்.

உங்களைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும், அது நோயாளியாக இருக்கக் கூடாது. எனக்குத் தம்பி இருந்தான். தினமும் ராத்திரி மொட்டைமாடிக்குப் போய் அவனிடம் பேசிவிட்டு வருவேன், என் பயத்தை எல்லாம் அங்கே கொட்டிவிடுவேன்.

நோய் போன பிறகும் பயம் உடனே போகவில்லை. படி ஏறினால் மூச்சு வாங்கும், மிஷினைத் தேடுவார். மூச்சு வாங்குவது சில வாரம் நீடிப்பது இந்த நோயில் சகஜம், ஆனாலும் ஒரு முறை நெஞ்சை டாக்டரிடம் காட்டி உறுதி செய்துகொண்டோம். அப்புறம் நான்கு வேளை மூன்றாகி, ஒன்றாகி, அந்த மிஷினைத் தெருவில் தேவைப்பட்ட ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். அவராகவே கொடுத்தார். மனநல மருத்துவரிடம் போவதை மட்டும் நிறுத்தவில்லை.

எங்களுக்கு அப்போது இல்லாத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 14416. இலவசம், இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம், நோயாளி மட்டுமில்லை கூட இருப்பவரும் கூப்பிடலாம். அந்த எண்ணையும் 108ஐயும் தாளின் மேலேயே பெரிதாக எழுதி, இரண்டு பேர் போனிலும் பதிந்து வையுங்கள்.