ஒரே டிஸ்க்கில் விண்டோஸும் லினக்ஸும்: வாசகர் கேள்வி–பதில்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்த பிறகு, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியைத் தூக்கிப்போட மனமில்லாமல், அதிலேயே லினக்ஸையும் சேர்த்து வைத்துக்கொள்ள விரும்பும் வாசகர்கள் பெருகியிருக்கிறார்கள். இப்படி இரண்டு இயங்குதளங்களை ஒரே கணினியில் வைத்திருப்பது நமக்குப் புதிதன்று. தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில், சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் விண்டோஸுடன் சேர்ந்தே இருந்தது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து இந்தப் பொருள் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தருகிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். லுங்கி மொத்த வியாபாரம் செய்யும் எங்கள் கடையில் 2012இல் வாங்கிய மடிக்கணினி ஒன்று இருக்கிறது. 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், 4 ஜிபி ராம். விண்டோஸ் 7உடன் வந்ததைப் பிறகு விண்டோஸ் 10க்கு மாற்றினோம். கணக்கு எழுதும் டேலி அதில்தான் இருப்பதால் விண்டோஸை நீக்க முடியாது. கல்லூரியில் படிக்கும் மகள் லினக்ஸ் வேண்டும் என்கிறாள். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைச் சுருக்கி 60 ஜிபி காலி இடம் உண்டாக்கினேன். அங்கே புதிய பார்ட்டிஷன் (டிஸ்க்கில் தனியாகப் பிரித்த பகுதி) உருவாக்கப் போனால், இந்த டிஸ்க் டைனமிக் டிஸ்க்காக மாற்றப்படும், சம்மதமா என்று கேட்கிறது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவை நிறுவப் பார்த்தால் அந்த இடம் பயன்படுத்த முடியாதது என்று காட்டுகிறது. 'யெஸ்' கொடுத்துவிடலாமா? (குடியாத்தம் வாசகர்)

பதில்: கொடுக்காதீர்கள். டைனமிக் டிஸ்க் என்பது விண்டோஸ் தன் வசதிக்காக வைத்திருக்கும் ஏற்பாடு. அதற்கு மாறிவிட்டால் உபுண்டுவை அங்கே நிறுவ முடியாமல் போவதோடு, விண்டோஸின் சொந்தக் கருவியைக் கொண்டு பழைய நிலைக்குத் திரும்ப வேண்டுமென்றால், டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் அழித்தாக வேண்டியிருக்கும்.

60 ஜிபி காலியாக இருந்தும் அது பயன்படாததற்குக் காரணம், டிஸ்க்கில் எந்தெந்தப் பார்ட்டிஷன் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்க 1983இல் பிசி-டாஸ் 2.0 உடன் வந்த எம்பிஆர் என்னும் பழைய முறை. டிஸ்க்கின் முதல் செக்டாரில் உள்ள 512 பைட்டில் 64 பைட் மட்டுமே பார்ட்டிஷன் அட்டவணைக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒரு பதிவுக்கு 16 பைட் வீதம் நான்கு பதிவுகளோடு அது நிரம்பிவிடுகிறது. 2012ஐ ஒட்டி வெளிவந்த மடிக்கணினிகளில், விண்டோஸ் தொடங்குவதற்கான ஒரு சிறிய பார்ட்டிஷன், சி டிரைவ், டி டிரைவ், தயாரிப்பாளர் வைத்துக் கொடுத்த ரெக்கவரி பார்ட்டிஷன் என நான்கும் கடையிலிருந்து வரும்போதே நிரம்பியிருப்பது வழக்கம். நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டிலும் அதே நான்கு, அதே வரிசையில் தெரிகின்றன. ஐந்தாவதைப் பதிவதற்கு இடமில்லை என்பதையே விண்டோஸ் அப்படிச் சுற்றிவளைத்துச் சொல்கிறது.

ஆகவே நான்கில் ஒன்றை நீக்கி, அதன் இடத்தில் எக்ஸ்டெண்டட் என்னும் வகையில் ஒரு பார்ட்டிஷனை உருவாக்க வேண்டும். அதற்குள் லாஜிக்கல் பார்ட்டிஷன்கள் பலவற்றை அமைத்துக்கொள்ளலாம்; லினக்ஸ் லாஜிக்கல் பார்ட்டிஷனிலிருந்தும் தடையின்றித் தொடங்கும். எதை நீக்குவது என்பதுதான் யோசிக்க வேண்டியது. பலரும் டி டிரைவை நீக்கச் சொல்வார்கள். அதில் உள்ள கணக்குகளை எல்லாம் இடம் மாற்றும் வேலை அதனால் வரும். உங்கள் நிலையில் ரெக்கவரி பார்ட்டிஷனை நீக்கிவிடுவதே மேல் என்பது என் முடிவு. அது 2012இல் இருந்த விண்டோஸ் 7ஐத்தான் திருப்பித் தரும். அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் தேதியே முடிந்துவிட்டது. விண்டோஸ் 10ஐ நிறுவுவதற்கான பென் டிரைவ் ஒன்றை முதலில் தயார் செய்துகொண்டால், ரெக்கவரியால் ஆகும் வேலை எதுவும் மிச்சமில்லை.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை காப்புப் பிரதி எடுப்பது. டேலி கணக்குகளின் நகல் டி டிரைவில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரர்கள் பலரிடம் இந்த நம்பிக்கையைப் பார்க்கிறேன். சியும் டியும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகள்தாம். அட்டவணை கெட்டாலும், டிஸ்க்கின் மோட்டார் நின்றாலும், நிறுவும்போது 'இரேஸ் டிஸ்க்' என்ற தெரிவைத் தவறுதலாகச் சொடுக்கினாலும் இரண்டும் சேர்ந்தே போகும். நகலை வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, அதை வேறொரு கணினியில் செருகி, கணக்கு திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ரெக்கவரி பார்ட்டிஷனை நீக்க விண்டோஸ் சாதாரணமாக அனுமதிக்காது. உபுண்டு பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, அதில் உள்ள ஜிபார்ட்டெட் கருவியைக் கொண்டு நீக்கலாம். நீக்குவதற்கு முன், விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 'ஆக்டிவ்' என்ற குறிப்பு எந்தப் பார்ட்டிஷனில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பு உள்ளதை எக்காரணத்தைக் கொண்டும் தொடக் கூடாது. நீக்கிய பிறகு, சிக்கும் டிக்கும் இடையே நீங்கள் உண்டாக்கிய 60 ஜிபி இடத்தில் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனையும், அதற்குள் லினக்ஸ் தன் கோப்புகளை வைக்கும் இஎக்ஸ்டி4 வகையில் ஒரே ஒரு லாஜிக்கல் பார்ட்டிஷனையும் அமைத்தால் போதும். ராம் போதாதபோது கைகொடுக்கும் ஸ்வாப்புக்குத் தனிப் பார்ட்டிஷன் வேண்டும் என்று பழைய கையேடுகள் சொல்வதைப் பொருட்படுத்த வேண்டாம், 17.04 பதிப்பிலிருந்து உபுண்டு அதற்கு ஒரு கோப்பையே பயன்படுத்திக்கொள்கிறது. ரெக்கவரி இருந்த இடம் டி டிரைவுக்கு அடுத்தாற்போல இருப்பதால், பின்னர் விண்டோஸுக்குள் சென்று டியை அதுவரை நீட்டித்துக்கொள்ளலாம்.

நிறுவும்போது இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. உங்கள் விண்டோஸ், கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை நிரலின் பழைய வகையான பயாஸ் முறையில் தொடங்குகிறது. பென் டிரைவையும் அதே முறையில் தொடங்கினால்தான் இரண்டும் ஒரே மெனுவில் வரும். தொடக்க நிரலான கிரப்பை எங்கே நிறுவுவது என்று கேட்டால், எஸ்டிஏ என்று முழு டிஸ்க்கையே காட்டுங்கள். எஸ்டிஏ5 என்று லாஜிக்கல் பார்ட்டிஷனைக் காட்ட வேண்டாம். பழைய மடிக்கணினியின் பேட்டரி பெரும்பாலும் செத்திருக்கும் என்பதால், மின்சாரம் அடிக்கடி போகும் கோடை மாலைகளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாமல், யூபிஎஸ் அல்லது இன்வெர்ட்டர் இணைப்பில் செய்யுங்கள். பார்ட்டிஷன் ஒன்று நகர்ந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அதில் உள்ளதை மீட்பது கடினம். 4 ஜிபி ராமுக்கு உபுண்டுவைவிட எக்ஸ்எஃப்சிஇ இடைமுகத்துடன் வரும் லினக்ஸ் மின்ட் இலகுவாக இருக்கும். வங்கி வேலை, மின்னஞ்சல் ஆகியவற்றை லினக்ஸுக்கு மாற்றிவிட்டு, ஆதரவு முடிந்த விண்டோஸை டேலிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: 512 ஜிபி எஸ்எஸ்டி உள்ள புதிய விண்டோஸ் 11 மடிக்கணினியில், செக்யூர் பூட்டை (கையொப்பமில்லாத தொடக்க நிரல்களைத் தடுக்கும் வசதி) அணைத்துவிட்டு உபுண்டு நிறுவினேன். மீண்டும் விண்டோஸுக்குப் போனால் 48 இலக்க பிட்லாக்கர் சாவியைக் கேட்கிறது. நான் பிட்லாக்கரை இயக்கியதே இல்லை, சார். புராஜெக்ட் எல்லாம் அதில் இருக்கிறது. (காட்பாடி, பொறியியல் மாணவர்)

பதில்: பதற வேண்டாம், கோப்புகள் பத்திரமாகத்தான் இருக்கின்றன. விண்டோஸ் 11 மடிக்கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு முதன்முறை உள்நுழையும்போதே டிஸ்க் பிட்லாக்கரால் தானாகக் குறியாக்கம் (சாவியின்றிப் படிக்க முடியாதபடி பூட்டுவது) செய்யப்பட்டு, அதன் சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டுவிடுகிறது. உரிமையாளரிடம் சத்தமில்லாமல் இதைச் செய்வது எனக்கு உடன்பாடில்லாத பழக்கம். என்றாலும் உங்களைக் காப்பாற்றப் போவதும் அதுதான். கைப்பேசியில் அதே மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, உங்கள் கருவியின் பெயருக்குக் கீழ் உள்ள மீட்புச் சாவியை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் தெரியும் சாவி அடையாளத்தின் முதல் எட்டு எழுத்துகள் கணக்கில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு 48 இலக்கங்களையும் உள்ளிடுங்கள்.

கணினி தொடங்கும் விதத்தில் ஏற்படும் மாற்றத்தை டிபிஎம் என்னும் பாதுகாப்புச் சில்லு கவனித்துக்கொண்டிருக்கிறது. செக்யூர் பூட்டை அணைத்ததையே அது சந்தேகத்துக்குரிய மாற்றமாக எடுத்துக்கொண்டது. உண்மையில் அதை அணைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை, ஏனெனில் உபுண்டுவின் தொடக்க நிரல் மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பத்துடனேயே வருகிறது. திரும்ப இயக்கிவிடுங்கள். இனி இதுபோன்ற மாற்றங்களைச் செய்யும் முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, சாவியையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் டிஸ்க் எம்பிஆருக்குப் பின் வந்த ஜிபிடி முறையில் இருப்பதால், மேலே குடியாத்தம் வாசகருக்கு நேர்ந்த நான்கு பார்ட்டிஷன் தொல்லை உங்களுக்கு இல்லை. விண்டோஸ் இந்த முறையில் 128 வரை அனுமதிக்கிறது. அதில் எஃப்ஏடி32 வகையில் பெரும்பாலும் 100 எம்பி அளவுள்ள ஒரு பார்ட்டிஷனையும், 16 எம்பி அளவுள்ள இன்னொன்றையும் பார்த்துவிட்டு, வீணாகக் கிடக்கிறது என்று அழித்துவிடாதீர்கள். முன்னதிலிருந்துதான் விண்டோஸ், உபுண்டு ஆகிய இரண்டும் தொடங்குகின்றன.

கேள்வி: ஆற்காட்டில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். டி டிரைவில் உள்ள அழைப்பிதழ்க் கோப்புகளை லினக்ஸில் திறந்தால் படிக்க முடிகிறது; சேமிக்க முடியவில்லை. மேலும், லினக்ஸில் வேலை செய்துவிட்டு விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. வைரஸாக இருக்குமோ?

பதில்: வைரஸ் அல்ல. முதலாவதற்குக் காரணம் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி. அது இயங்கிக்கொண்டிருக்கும் வரை, நீங்கள் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக மூடிக்கொள்வதில்லை. தன் நிலையில் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு அரைத் தூக்கத்தில் இருக்கிறது. அந்நேரத்தில் வேறொருவர் டி டிரைவில் எழுதினால் கோப்புகள் சிதையும் என்பதால்தான் லினக்ஸ் படிப்பதோடு நிறுத்திக்கொள்கிறது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குச் சென்று ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட்டு, ஒருமுறை முழுமையாக ஷட்டவுன் செய்யுங்கள். விண்டோஸின் பெரிய புதுப்பிப்புகளுக்குப் பிறகு அது மீண்டும் இயங்கத் தொடங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும் நல்லது.

கடிகாரத்தைப் பொறுத்தவரை, கணினியின் மதர்போர்டில் உள்ள கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை வைக்கிறது. லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது. நம் நாட்டு நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னதாக இருப்பதால் அதே வித்தியாசம் உங்களுக்குத் தெரிகிறது. லினக்ஸின் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் என்னும் கட்டளையைக் கொண்டு, மதர்போர்டு கடிகாரத்தை உள்ளூர் நேரமாகவே கருதும்படி அமைத்துவிட்டால் சரியாகிவிடும்.

கேள்வி: 500 ஜிபி டிஸ்க் விண்டோஸில் 465 ஜிபி என்று தெரிகிறது. 35 ஜிபியை விற்றவர் ஏமாற்றிவிட்டாரா? (வாலாஜாபேட்டை வாசகி)

பதில்: இல்லை. தயாரிப்பாளர்கள் ஒரு ஜிபியை நூறு கோடி பைட்டாகக் கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1024ஐ மூன்று முறை பெருக்கி வரும் எண்ணால் வகுக்கிறது. பார்ட்டிஷன் பிரிக்கும்போது இந்த வித்தியாசம் குழப்பும். உபுண்டு முதல் முறையில் கணக்கிடுவதால், விண்டோஸில் 60 ஜிபி என்று நீங்கள் ஒதுக்கியது அங்கே 64.4 ஜிபி என்று தெரியும். வேறு பார்ட்டிஷனோ என்று மயங்க வேண்டாம். விண்டோஸின் சுருக்கும் கருவி அளவை எம்பியில் கேட்கும். 60 ஜிபிக்கு 61440 என்று கொடுங்கள்.

கேள்வி: சி டிரைவில் 200 ஜிபி காலியாக இருக்கிறது. ஆனால் 25 ஜிபிக்கு மேல் சுருக்க முடியாது என்கிறது. ஏன்? (திருப்பத்தூர், ஆசிரியை)

பதில்: இடம்பெயர்க்க முடியாத கோப்புகள் டிரைவின் நடுவில் உட்கார்ந்திருக்கின்றன. ராமுக்குத் துணையாக இருக்கும் பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் கோப்பு, சிஸ்டம் ரீஸ்டோர் பதிவுகள் ஆகியவையே பெரும்பாலும் குறுக்கே நிற்பவை. மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, கணினியை மறுதொடக்கம் செய்து, சுருக்கி முடித்த பின் திரும்ப இயக்கிக்கொள்ளுங்கள். அப்போதும் போதவில்லை என்றால், உங்களுடையது மேசைக் கணினி என்பதால், லினக்ஸுக்கென்று இரண்டாவது எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்திவிடுவதை நான் சிபாரிசு செய்வேன். ஒரே டிஸ்க்கை வெட்டி ஒட்டுவதைவிட அது எளிது. நிறுவும் நேரத்தில் விண்டோஸ் உள்ள டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டால், தவறுதலாக அதை அழிக்கவும் வழியில்லை.

கேள்வி: லினக்ஸ் பிடிக்காமல், விண்டோஸிலிருந்தே அதன் பார்ட்டிஷனை அழித்தேன். இப்போது கணினியைத் தொடங்கினால் கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று நிற்கிறது. விண்டோஸும் போய்விட்டதா? (ஆம்பூர் வாசகர்)

பதில்: விண்டோஸ் அப்படியே இருக்கிறது. பார்ட்டிஷனை அழிப்பது, கிராமக் கணக்கில் ஒரு பட்டாவின் வரியை அடிப்பதைப் போன்றது. பக்கத்து நிலத்துக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் கிரப்பின் சிறு முற்பகுதி டிஸ்க்கின் தொடக்கத்திலும், மற்றவை நீங்கள் அழித்த பார்ட்டிஷனிலும் இருந்தன. முற்பகுதி மீதியைத் தேடிக் காணாமல் நின்றுவிட்டது. பழைய பயாஸ் கணினியானால், விண்டோஸ் நிறுவும் பென் டிரைவில் தொடங்கி, பழுதுபார்க்கும் பகுதியில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பூட்ரெக் கட்டளையை ஃபிக்ஸ்எம்பிஆர் என்ற தெரிவுடன் இயக்குங்கள். பயாஸுக்குப் பதிலாக யூஇஎஃப்ஐ உள்ள புதிய கணினியானால் அதுவும் தேவையில்லை. தொடக்க வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலாவதாக வைத்தால் விண்டோஸ் நேராகத் திறக்கும். லினக்ஸ் இருந்த இடம் சி டிரைவுக்கு அடுத்தாற்போல இருந்தால், சியை அதுவரை நீட்டித்துக்கொள்ளலாம்.