ஐந்து லிட்டர் கேனில் கரையான் போகுமா?

கேள்வி: தரைத்தள வீடு. சமையலறை நிலைக்கட்டை ஓரமாகச் சுவரில் மண் கோடு ஏறியிருக்கிறது. ஒருவர் 4,000 ரூபாய்க்கு ஸ்ப்ரே அடித்துத் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் தரையில் துளை போட வேண்டும், 15,000 ஆகும் என்கிறார். டைல்ஸைத் துளைப்பது அவசியமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: அவசியம்தான். நிலையைத் தின்னும் கரையான்கள் இரை தேடி மேலே வந்தவை. கூடு மண்ணுக்கு அடியில் இருக்கிறது. காற்றுப் பட்டால் காய்ந்துவிடும் உடம்பு என்பதால், மண்ணை எச்சிலில் குழைத்துக் குழாய் கட்டி அதற்குள்ளேயே போய் வருகின்றன. மேலாக ஸ்ப்ரே அடித்தால் அந்த ஒரு குழாய் அழியும். கொஞ்ச நாளில் வேறு சந்து வழியாக ஏறிவிடும். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் அப்படித்தான்.

முதலில் அந்த மண் கோட்டில் ஓர் அங்குலம் மட்டும் உடைத்துப் பாருங்கள். வெள்ளையாக ஓடினாலோ, இரண்டொரு நாளில் உடைத்த இடம் அடைபட்டாலோ உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். முழுக்கச் சுரண்டிவிடாதீர்கள், எங்கிருந்து ஏறுகிறது என்று மருந்தடிப்பவர் பார்க்க வேண்டும். நிலைக்கட்டையை விரலால் தட்டியும் பாருங்கள். எங்கள் வீட்டில் வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தது. தட்டியதும் விரல் உள்ளே போய்விட்டது. அந்த அளவுக்கு விட்டுவிடக் கூடாது.

கட்டிய வீட்டுக்கான முறையை இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 6313, மூன்றாம் பகுதி சொல்கிறது. சுவரும் தரையும் சேரும் இடத்தில் 30 செ.மீ.க்கு ஒன்றாக 12 மி.மீ. துளை, துளைக்கு ஒரு லிட்டர் வரை மருந்துக் கலவை. இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறையின் சுற்றளவு 44 அடி. அடிக்கு ஒரு துளை என்றால் வாசல் போக நாற்பது துளை, நாற்பது லிட்டர் வரை. வீடு முழுமைக்கும் ஐந்து லிட்டர் கேனோடு வருகிறவர் என்ன செய்யப்போகிறார்?

மருந்தின் பெயரை எழுதி வாங்குங்கள். இமிடாகுளோபிரிட் 30.5% என்றால் லிட்டர் தண்ணீருக்கு 2.1 மி.லி.; அதாவது நாற்பது லிட்டருக்கு 84 மி.லி. சீல் பிரிக்காத பாட்டிலை உங்கள் கண்முன் திறந்து கலக்கச் சொல்லுங்கள். பூச்சிக்கொல்லிச் சட்டப்படி அவருக்கு உரிமம் இருக்க வேண்டும், தயங்காமல் கேளுங்கள். கிணறோ மீன் தொட்டியோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், சிங்க் அடியில் ஒழுகும் குழாயைச் சரிசெய்யுங்கள். ஈரம் இருக்கும் இடத்தைத்தான் கரையான் தேடி வரும். அட்டைப் பெட்டிகளைத் தரையில் சுவரை ஒட்டி அடுக்க வேண்டாம்.

கேள்வி: கட்டிலுக்கு அடியில் தினமும் மாவு போலக் கொட்டுகிறது. கரையானுக்கு மருந்து அடிக்க வேண்டுமா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: அவசரப்பட்டுப் பணம் கொடுக்காதீர்கள். மண்ணிலிருந்து ஏறும் கரையான் மண் பூசும், மாவு கொட்டாது. மரத்தில் குண்டூசித் தலை அளவு துளைகள் இருந்தால் அது உளு, ஒரு வகை வண்டு. வீட்டுத் தரையைத் துளைத்து மருந்து விட்டால் கட்டிலில் உள்ள வண்டுக்கு ஒன்றும் ஆகாது. அந்தக் கட்டிலுக்கு மட்டும் வைத்தியம் செய்தால் போதும்.

புதிதாக மரச்சாமான் வாங்கும்போது பலகை ஓரத்தைப் பாருங்கள். வைரம் பாய்ந்த தேக்கைக் கரையான் லேசில் தொடாது. ஓரத்தில் வெளுத்த மரம் சேர்ந்திருந்தால் அதில்தான் முதலில் கை வைக்கும். தேக்கு என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். பிளைவுட்டில் ‘தண்ணீர் தாங்கும்’ என்பது வேறு, ‘கரையான் தின்னாது’ என்பது வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: ஐந்து வருட வாரண்டி என்று மருந்தடித்தார்கள். எட்டாம் மாதமே ஈசல் இறகு கிடக்கிறது. போன் செய்தால் எடுப்பதில்லை.
- வாசகர், மதுரை

பதில்: ஈசல் என்பது இறகு முளைத்த கரையான்தான். ஆனால் மழைக்குப் பிறகு ஜன்னலில் இறகு கிடந்தால், வெளியிலிருந்து விளக்குக்கு வந்த ஈசலாகவும் இருக்கலாம். ஜன்னல் சாத்தியிருந்தும் அறைக்குள்ளே கொத்தாகக் கிடந்தாலோ, பழைய இடத்தில் மண் கோடு தெரிந்தாலோ தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பில், வாரண்டித் தாள், படம் மூன்றையும் இணைத்துப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். 15 நாள் கெடு கொடுங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலே நீங்கள் வாதாடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில்லே தரவில்லை என்றால், பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரமும் வாட்ஸ்அப் உரையாடலும் உதவும், அவற்றை அழித்துவிடாதீர்கள்.