வீட்டில் ‘கட்டி’ என்று சொல்லியிருக்கிறீர்கள்

சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பதினொரு கேள்விகளுக்கு எண் போட்டிருக்கிறீர்கள். எண் போடாமல் கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதியிருக்கும் வரிதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. “வீட்டில் கர்ப்பப்பையில் கட்டி என்று மட்டும் சொல்லியிருக்கிறேன், இது உடலுறவால் வரும் புற்றுநோய் என்று இன்டர்நெட்டில் இருப்பதை என் கணவர் படித்துவிட்டால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்?” என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் இதற்குப் பதில் சொல்கிறேன், மற்றவை பிறகு.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அநேகமாக எப்போதும் எச்.பி.வி. என்ற வைரஸே அடிப்படைக் காரணம். அதைக் கண்டறிந்ததற்காக ஜெர்மனியைச் சேர்ந்த ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வைரஸ் தாம்பத்திய உறவின்போது பரவுகிறது என்பதும் சரிதான். நீங்கள் படித்த பக்கத்தில் எழுதாமல் விட்ட மீதி இதுதான்: இல்லற வாழ்வில் ஈடுபடும் ஆண், பெண் இருபாலரிலும் பெரும்பாலோரை இந்த வைரஸ் வாழ்நாளில் ஒருமுறையாவது தொற்றுகிறது, எந்த அறிகுறியும் காட்டாமல் ஓரிரு ஆண்டுகளில் உடலே அதை வெளியேற்றிவிடுகிறது, மிகச் சிலரிடம் மட்டும் கர்ப்பப்பை வாயில் தங்கிப்போய், பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகளில் புற்றாக மாறுகிறது. உங்களுக்கு வயது 38, திருமணமாகிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் கிருமி நீங்கள் புதுப்பெண்ணாக இருந்த காலத்திலேயே வந்திருக்கலாம். எப்போது வந்தது, யார் வழியாக வந்தது என்று சொல்லக்கூடிய பரிசோதனை உலகில் எங்கும் கிடையாது. கணவர் ஒருவரைத் தவிர வேறு யாரையும் அறியாத எத்தனையோ பெண்களுக்கு இந்த நோய்க்காக நான் வைத்தியம் பார்த்திருக்கிறேன். உங்கள் நடத்தையைப் பற்றியோ அவருடைய நடத்தையைப் பற்றியோ இந்த நோய் எதையும் சொல்வதில்லை. அவர் உங்களைச் சந்தேகிப்பது எவ்வளவு தவறோ, நீங்கள் அவரைச் சந்தேகிப்பதும் அவ்வளவு தவறு.

ஆகவே அவரிடம் சொல்லிவிடுங்கள். தனியாகச் சொல்லத் தைரியம் வராவிட்டால் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரையும் அழைத்துச் சென்று, “என் கணவரிடம் நீங்களே விளக்கிச் சொல்லுங்கள், டாக்டர்” என்று கேளுங்கள். மருத்துவர்களான எங்களிடம் இப்படி அடிக்கடி கேட்கிறார்கள். எங்களுக்கு இது புதிதும் இல்லை, சங்கடமும் இல்லை. ரத்தம் தேவைப்பட்டால் ஏற்பாடு செய்யவும், இரவில் வார்டுக்கு வெளியே காத்திருக்கவும், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையை எடுத்துக்கொண்டு ஓடவும் விவரம் தெரிந்த ஒருவர் உங்களுக்கு வேண்டும். ‘கட்டி’ என்று நம்பிக்கொண்டிருப்பவர் “அவசரம் என்ன, அறுவடை முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்” என்றுதான் சொல்வார். உங்கள் வீட்டில் ஏற்கெனவே அப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இந்த இடத்தில் உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. சதைப் பரிசோதனை முடிவு கைக்கு வந்த பிறகு, யூடியூபில் யாரோ சொன்ன கஷாயத்தை ஐந்து வாரமாகக் குடித்துவருகிறீர்கள். இன்னும் மூன்று மாதம் குடித்துப் பார்க்கலாமா என்றும் கேட்கிறீர்கள். கூடாது. பரிசோதனைகளுக்கும் அறுவைக்கு நாள் கிடைப்பதற்கும் இரண்டு மூன்று வாரங்கள் ஆவதில் பெரிய கெடுதல் இல்லை. மாதக்கணக்கில் தள்ளினால் நிலைமையே வேறு. எம்.ஆர்.ஐ. அறிக்கைப்படி உங்கள் புற்று 2.6 செ.மீ. அளவில் கர்ப்பப்பை வாய்க்குள்ளேயே அடங்கியிருக்கிறது. நெறிகட்டிகளும் (நிணநீர் முடிச்சுகள்) சந்தேகப்படும்படி இல்லை. கர்ப்பப்பை வாயைத் தாண்டாத இந்த ஆரம்ப நிலையை நாங்கள் 1பி2 என்று குறிப்போம். இந்த நிலையில் உரிய சிகிச்சை பெறும் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். இதே புற்று கர்ப்பப்பையைச் சுற்றியுள்ள திசுக்களுக்குள் இறங்கிவிட்டால் அறுவைக்கான வாய்ப்பு பெரும்பாலும் கைநழுவிப் போய்விடும். பிறகு ஐந்து வாரத்துக்கும் மேல் வெளிக்கதிர்வீச்சு, வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து ஊசி, அதன் பின் உள்வழிக் கதிர்வீச்சு என்று போக வேண்டும். அந்தச் சிகிச்சையாலும் பலர் குணமாகிறார்கள் என்றாலும், கதிர்பட்ட சினைப்பைகள் செயலிழந்து மாதவிடாய் நிற்கும் பருவம் உடனே வந்துவிடும். இன்று உங்கள் கையில் இருக்கும் வாய்ப்பை அந்தக் கஷாயத்துக்காக இழக்காதீர்கள். அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மயக்க மருந்து கொடுக்கப்போகும் மருத்துவரிடம் அதைக் குடித்த விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள்.

அறுவையைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் அண்ணிக்கு நார்க்கட்டிக்காகச் செய்த அறுவையும் இதுவும் ஒன்றல்ல. உங்களுக்குக் கர்ப்பப்பை, அதன் வாய், இருபுறமும் தாங்கிநிற்கும் திசுக்கள், பெண்ணுறுப்புக் குழாயின் மேல்பகுதியில் சிறிதளவு, இடுப்புப் பகுதி நெறிகட்டிகள் ஆகியவற்றை எடுக்க வேண்டியிருக்கும். அண்ணிக்குச் செய்ததுபோல் துளை போட்டு லேப்ராஸ்கோப்பியில் செய்யச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். பல நாடுகளின் மருத்துவமனைகள் சேர்ந்து 631 பெண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. நாலரை ஆண்டு முடிவில், வயிற்றைத் திறந்து அறுவை செய்துகொண்டவர்களில் 96.5 சதவீதம் பேர் நோயில்லாமல் இருந்தார்கள். துளைவழி அறுவையில் அது 86 சதவீதம்தான். தழும்பு பெரிதாக இருக்கும் என்பது உண்மைதான். சேலைக்குள் மறைந்திருக்கும் தழும்புக்காக இந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

“கர்ப்பப்பை போன பிறகு நான் பெண்ணாக இருப்பேனா” என்று கேட்டிருக்கிறீர்கள். பெண்மைக்குரிய ஹார்மோன்களைச் சுரப்பது சினைப்பை. உங்களுக்கு வந்திருக்கும் செதிள் செல் வகைப் புற்றில், உங்கள் வயதில், சினைப்பைகள் பார்வைக்கு நன்றாக இருந்தால் பொதுவாக அவற்றை விட்டுவைப்போம். உங்கள் அறுவை மருத்துவர் என்ன முடிவு செய்திருக்கிறார் என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சினைப்பைகள் இருந்தால் குரல் மாறாது, மீசை முளைக்காது. மாதவிடாய் வராது, பிள்ளை பெற முடியாது. அவை தவிர உடல் உங்கள் உடலாகவே இருக்கும். தாம்பத்திய உறவைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன்: பெண்ணுறுப்புக் குழாயின் நீளம் சற்றுக் குறையும், வறட்சி இருக்கலாம், முதல் சில மாதங்கள் பயமும் வலியும் இருக்கும். உள்தையல் ஆறியதை மருத்துவர் பார்த்து அனுமதிக்கும் வரை, குறைந்தது ஆறு முதல் எட்டு வாரங்கள், உறவு வேண்டாம். பிறகு அவசரமில்லாமல், மருத்துவர் சொல்லும் வழுவழுப்பு ஜெல்லின் உதவியோடு தொடங்கினால் பெரும்பாலோர் பழைய நிலைக்குத் திரும்புகிறார்கள். உங்கள் கணவருக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, எண்ணிட்ட கேள்விகளில் மிச்சம். சதைத் துணுக்கு எடுத்ததால் புற்று பரவாது. உங்கள் தட்டில் சாப்பிடுவதாலோ உங்களோடு ஒரே பாயில் படுப்பதாலோ பிள்ளைகளுக்கு ஒட்டாது. கத்தரிக்காய், கருவாடு, முட்டை எதற்கும் இந்த நோயில் பங்கில்லை. அறுவைக்கு முன் நன்றாகச் சாப்பிட்டு உடலில் ரத்தத்தை ஏற்றிக்கொள்ளுங்கள். வயிற்றுக்குள் காலி இடம் இருக்காது, குடல் அங்கே இறங்கி அமர்ந்துகொள்ளும். இந்தக் கவலைகளை இத்தோடு மூட்டை கட்டிவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த அறுவையில், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் மெல்லிய நாளங்களைக் கர்ப்பப்பையின் பக்கத் திசுக்களிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். சிறுநீர்ப்பையின் நரம்புகளும் கொஞ்சம் பாதிக்கப்படும். அதனால்தான் ஒன்று, இரண்டு வாரங்களுக்குச் சிறுநீர்க்குழாய் போட்டிருப்பார்கள். அதை எடுத்த பிறகு சிறுநீர் வரும் உணர்வு மந்தமாக இருப்பதும், இருமும்போது சொட்டு விழுவதும், சில வாரங்களுக்குப் பெண்ணுறுப்பிலிருந்து இளஞ்சிவப்பாகக் கசிவதும் பலருக்கும் நடப்பவை. அடுத்த பரிசோதனையின்போது சொன்னால் போதும். ஆனால் அறுவையிலிருந்து சில நாட்களிலோ இரண்டு மூன்று வாரங்களிலோ, நின்றாலும் படுத்தாலும் நிற்காமல், தண்ணீர்போல் மெலிதாக, சிறுநீர் வாடையோடு ஒரு கசிவு தொடங்கினால் அது வேறு. நாளத்திலோ சிறுநீர்ப்பையிலோ துளை விழுந்திருக்கலாம். உலர்ந்த வெள்ளைத் துணி ஒன்றை வைத்துக்கொண்டு, இருமாமல் அசையாமல் ஒரு மணி நேரம் படுத்திருங்கள். துணி நனைந்திருந்தால் அன்றைக்கே அறுவை செய்த மருத்துவமனைக்குப் போங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் என் புறநோயாளிப் பிரிவுக்கு ஒரு பெண்மணி வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்கார மறுத்து, சுவரோரமாகவே நின்றுகொண்டிருந்தார். இதே அறுவை முடிந்து நாற்பது நாட்கள் ஆகியிருந்தன. பழைய வேட்டியைக் கிழித்து மடித்து இடுப்பில் கட்டியிருந்தார். ஒரு நாளைக்கு நான்கு முறை குளித்து, இரவில் எல்லோரையும் விட்டுக் கொல்லைப்புறத் திண்ணையில் படுத்திருக்கிறார். மெடிக்கல் ஷாப்பில் வெள்ளைப்படுதலுக்கு என்று கொடுத்த மாத்திரையைத்தான் நாற்பது நாளும் விழுங்கியிருக்கிறார். கசியத் தொடங்கிய வாரத்திலேயே வந்திருந்தால் நாளத்துக்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தியே சரிசெய்ய முயன்றிருப்போம். அதற்குள் ஒரு சிறுநீரகம் வீங்கியிருந்ததால் நாளத்தை மறுபடியும் சிறுநீர்ப்பையோடு இணைக்க இரண்டாவது அறுவை தேவைப்பட்டது. நலமாகிவிட்டார். ஆனால் அந்த நாற்பது நாட்களில் ஒருவரிடமும் அவர் வாயைத் திறக்கவில்லை. ‘கட்டி’ என்று சொல்லி வைத்திருக்கும் உங்கள் கடிதத்தைப் படித்தபோது அவர் நின்ற நிலைதான் என் கண்முன் வந்தது.

அறுவைக்குப் பிறகு திசுப் பரிசோதனை அறிக்கை வர ஓரிரு வாரங்கள் ஆகும். நெறிகட்டியிலோ, பக்கத் திசுவிலோ, வெட்டிய விளிம்பிலோ புற்றணுக்கள் தென்பட்டால் கதிர்வீச்சும் அதோடு சேர்த்து ஊசிமருந்தும் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் அறுவை தோற்றுவிட்டது என்று எண்ணிச் சிகிச்சையைப் பாதியில் விடாதீர்கள். எஞ்சியிருக்கக்கூடிய புற்றணுக்களை ஒழிப்பதற்குத்தான் அது.

உங்கள் மகளுக்குப் பன்னிரண்டு வயது என்று எழுதியிருக்கிறீர்கள். எச்.பி.வி. தடுப்பூசி போட 9 முதல் 14 வயதுவரைதான் மிகப் பொருத்தமான காலம். உங்கள் அறுவை முடிந்து நீங்கள் நடமாடத் தொடங்கியதும் அவளை அழைத்துச் செல்லுங்கள். அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அடுத்த முறை மருத்துவமனைக்குக் கணவரோடு போங்கள், வீடு திரும்பும் நாளில் வார்டின் தொலைபேசி எண்ணை எழுதி வாங்கி, அதை அவருடைய கைபேசியிலும் பதிந்துவையுங்கள்.