இரண்டு குழந்தைகளோடு தனியாக, நியூ ஜெர்சியிலிருந்து திருநெல்வேலிக்கு

மூத்தவளுக்கு இரண்டரை வயது, இங்கே பிறந்த தம்பிக்கு ஏழு மாதம், டிசம்பரில் திருநெல்வேலியில் உங்கள் தங்கை கல்யாணம், வீட்டுக்காரருக்கு லீவு இல்லை. "இரண்டையும் தூக்கிக்கொண்டு தனியாகப் போக முடியுமா அக்கா, இல்லை போகாமலே இருந்துவிடவா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகலாம். கட்டாயம் போங்கள். கூடப் பிறந்தவள் கல்யாணம் ஒரு முறைதான் வரும். நானும் இதே வழியில் கைக்குழந்தைகளோடு போய் வந்தவள்தான். என் பிள்ளைகள் இப்போது அவரவர் பெட்டியை அவரவரே இழுக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். நீங்கள் கேட்ட எல்லோரும் பொம்மை, ஐபேட், ஸ்டிக்கர் புத்தகம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதைக் கடைசி வாரம் பார்த்துக்கொள்ளலாம். பயணம் நல்லபடியாக அமையுமா என்பது டிக்கெட் எடுக்கிற அன்றைக்கே முக்கால்வாசி முடிவாகிவிடுகிறது. அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

டிக்கெட்டுக்கும் முன்னால் பேப்பர் வேலை. தம்பி அமெரிக்கக் குடிமகன். அவனுக்கு இந்த ஊர் பாஸ்போர்ட் வேண்டும், இந்தியாவுக்குள் நுழைய ஓசிஐ அட்டையோ (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) விசாவோ வேண்டும். பதினாறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்க அம்மா அப்பா இருவரும் நேரில் போக வேண்டும். ஒருவரால் வர முடியாவிட்டால் டிஎஸ்-3053 என்ற படிவத்தில் நோட்டரி முன்னால் ஒப்புதல் எழுதிக் கொடுக்கலாம். கைக்குழந்தையின் பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஸ்டூடியோ தேடி அலையாதீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளை வேட்டியைச் சுருக்கமில்லாமல் விரித்து, அவனை மல்லாக்கப் படுக்கவைத்து, மேலே இருந்து எடுங்கள்; உங்கள் நிழல் முகத்தில் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஓசிஐக்கு விஎஃப்எஸ் என்ற விண்ணப்ப நிறுவனம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும், அது வாரக்கணக்கில் இழுக்கும். நாள் போதாது என்று தோன்றினால் இப்போதைக்கு இ-விசா எடுத்துவிட்டு ஓசிஐயைத் திரும்பி வந்து பாருங்கள். உங்கள் விசா முத்திரையும் மகளின் எச்-4 (குடும்பத்தாருக்கான விசா) முத்திரையும் திரும்பி வரும் தேதிவரை செல்லுமா என்பதை இன்றே எடுத்துப் பாருங்கள். "மனைவி குழந்தைகளோடு தனியாகப் பயணம் செய்ய எனக்குச் சம்மதம்" என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்டு நோட்டரி செய்த கடிதம் ஒன்றும் கைப்பையில் இருக்கட்டும். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் அது கையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, குழந்தை டாக்டரிடம் இப்போதே பேசுங்கள். இங்கே எம்எம்ஆர் என்ற தட்டம்மைத் தடுப்பூசியை ஒரு வயதில்தான் போடுகிறார்கள். வெளிநாடு போகும் குழந்தை என்றால் ஆறு மாதத்திலிருந்தே ஒரு ஊசி முன்கூட்டிப் போடலாம். அது வழக்கமான இரண்டு ஊசிகளின் கணக்கில் சேராது, ஆனாலும் போட்டுக்கொண்டு போவதுதான் நல்லது. காய்ச்சல் மருந்தை இங்கிருந்தே கொண்டுபோங்கள். இங்கே குழந்தைகளுக்கான டைலனால், அதாவது நம் ஊர் பாரசிட்டமால், 5 மில்லிக்கு 160 மில்லிகிராம். நம் ஊரில் பாரசிட்டமால் சிரப் 120, 250 என்று வேறு வேறு அளவில் வரும். சொட்டு மருந்து இன்னும் அடர்த்தி. இங்கே பழகிய மில்லி கணக்கில் அங்கே வாங்கிய மருந்தை ஊற்றிவிடக் கூடாது.

சரி, டிக்கெட். இரண்டு வயது நிறையாத குழந்தை மடியில் வரலாம், பெரியவர் கட்டணத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கும் வரியும் கேட்பார்கள். ஒரு பெரியவருக்கு ஒரு மடிக்குழந்தைதான். மூத்தவளுக்குத் தனி சீட்.

நியூயார்க் பக்கத்திலிருந்து சென்னைக்கு நேர் விமானம் கிடையாது. ஒன்று, தோஹா, துபாய், அபுதாபி வழி: முதல் விமானம் பன்னிரண்டு பதின்மூன்று மணி நேரம், அடுத்தது நாலு, நாலரை. இல்லையென்றால் லண்டன், ஃபிராங்க்பர்ட் வழி: ஏழெட்டு மணி நேரம், பிறகு பத்து மணி நேரம். ஐரோப்பா வழியில் தூரம் சமமாகப் பிரிகிறதே, அதுதான் குழந்தைகளுக்குச் சுலபம் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏழு மணி நேர ராத்திரி விமானத்தில் சாப்பாடு கொடுத்து, தட்டு எடுத்து, விளக்கு அணைத்து, குழந்தை ஒருவழியாகத் தூங்கி மூன்று மணி நேரம்கூட ஆகியிருக்காது, காலைச் சாப்பாடு என்று மறுபடி விளக்கைப் போட்டுவிடுவார்கள். அரைத் தூக்கத்தில் இரண்டையும் இறக்கி செக்யூரிட்டி வரிசையில் நிற்க வேண்டும். வளைகுடா வழியில் ராத்திரி பத்து மணிக்கு மேல் கிளம்பும் விமானமாகப் பார்த்து ஏறினால் மகளுக்கு ஒரு முழு ராத்திரித் தூக்கம் கிடைக்கும். அது கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் சமாளித்துவிடலாம்.

நடுவில் இறங்குமிடத்தில் மூன்றிலிருந்து நாலு மணி நேரம் இருக்கட்டும். ஒன்றரை மணி நேரக் கனெக்‌ஷன் மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள். கைக்குழந்தைக்காரர்கள் விமானத்திலிருந்து கடைசியாகத்தான் இறங்க முடியும். கேட்டில் ஒப்படைத்த ஸ்ட்ரோலர் எல்லா ஊரிலும் விமான வாசலுக்குத் திரும்ப வராது. சில இடங்களில் கடைசி ஊரில் பெட்டியோடுதான் வரும். அதனால் தம்பிக்கு பேபி கேரியர் கட்டாயம், அவன் உங்கள் நெஞ்சோடு இருந்தால் மகளைப் பிடிக்க ஒரு கையாவது மிஞ்சும். சென்னை வரைக்கும் ஒரே புக்கிங்காக எடுங்கள். இரண்டு தனி டிக்கெட்டாக எடுத்து முதல் விமானம் தாமதமானால், நடு ராத்திரியில் இரண்டு குழந்தைகளோடு புது டிக்கெட்டுக்கு நிற்க வேண்டிவரும்.

அடுத்தது பாசினெட், விமானத்தில் சுவரில் மாட்டித் தரும் குழந்தைத் தொட்டில். வலைத்தளத்தில் மடிக்குழந்தை என்று குறித்ததும் அது தானாக வந்துவிடாது. டிக்கெட் எடுத்த கையோடு போன் செய்து, முன் சுவரை ஒட்டிய வரிசையில் பாசினெட் இருக்கை வேண்டும், மகளின் சீட் அதற்குப் பக்கத்திலேயே வேண்டும் என்று கேளுங்கள். வளைகுடா விமானங்களில் எடை வரம்பு பெரும்பாலும் 11 கிலோ. டிசம்பரில் தம்பிக்குப் பத்து மாதம், உள்ளே வந்துவிடுவான் என்றுதான் நினைக்கிறேன். அந்த வரிசையில் கால் நீட்ட இடம் உண்டு. ஆனால் கைப்பிடியை மேலே தூக்க முடியாது, ஏறும்போதும் இறங்கும்போதும் பையைக் காலடியில் வைக்க விடமாட்டார்கள். ஒரு டயபர், துடைக்கும் டிஷ்யூ, பால் பாட்டில், மகளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட், இவ்வளவையும் ஒரு சின்னத் துணிப்பையில் போட்டுக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

விமானம் மேலே போய் நிதானத்துக்கு வந்த பிறகுதான் பாசினெட்டைக் கொண்டுவந்து சுவரில் மாட்டுவார்கள். குழந்தை அசந்து தூங்கும்போது விமானம் குலுங்கி பெல்ட் விளக்கு எரிந்தால், அவனை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். அதற்கு ஒரு வழி. பழைய காட்டன் புடவையை நாலாக மடித்து முதலிலேயே அவனுக்கு அடியில் விரித்துவிடுங்கள். எடுக்கும்போது துணியோடு சேர்த்து அப்படியே அள்ளுங்கள். முதுகில் உங்கள் கை படாததால் பல நேரம் கண் விழிக்க மாட்டான். வீட்டு வாசனையும் அந்தப் புடவையில் இருக்கும்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மடியில் வைத்துக்கொள்வதைவிடத் தனி சீட்டில், விமானத்துக்கு அங்கீகரித்த கார் சீட்டில் குழந்தையைக் கட்டிவைப்பதுதான் பாதுகாப்பு என்று இந்த ஊர் விமானத் துறை எஃப்ஏஏ தெளிவாகவே சொல்கிறது. துணைக்கு இன்னொரு பெரியவர் இருந்தால், பணமும் இருந்தால், அப்படியே செய்யுங்கள் என்பேன். தனியாக இரண்டு பிள்ளைகளோடு கார் சீட்டையும் சுமந்து விமானம் மாறுவது உங்களால் ஆகிற காரியம் இல்லை. மகளுக்கு வேண்டுமானால் கேர்ஸ் என்ற பெல்ட் வாங்குங்கள். 22 முதல் 44 பவுண்டு வரை உள்ள பிள்ளைகளுக்கானது, சீட்டின் முதுகில் சுற்றி மாட்டுவது, மடித்தால் கைப்பைக்குள் அடங்கிவிடும். உங்கள் விமானத்தில் அனுமதி உண்டா என்று அதே போன் பேச்சில் கேட்டுவிடுங்கள்.

காது வலி பற்றிக் கேட்டிருந்தீர்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஊட்டியில் இருப்பது மாதிரிதான், ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்துக்கு உரியது. ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் காது அடைக்கும். இறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே அது ஆரம்பித்துவிடும், அந்த நேரம் பார்த்துப் பால் கொடுங்கள். விழுங்க விழுங்கக் காது திறக்கும். அதற்குக் கொஞ்சம் முன்னால் பசியாற்றிவிடாதீர்கள், குடிக்க மாட்டான். மகளுக்கு ஸ்ட்ரா போட்ட ஜூஸ். அழுதால் அழட்டும், அழுகையிலும் காது திறக்கத்தான் செய்யும். சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தால் கிளம்புமுன் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

தூங்கவைக்க பெனட்ரில் என்ற அலர்ஜி மருந்தைக் கொடுக்கச் சொல்லி யாராவது சொல்லியிருந்தால் காதில் வாங்காதீர்கள். கைக்குழந்தைக்கு அது ஆபத்து. சில பிள்ளைகள் அந்த மருந்தில் தூங்காமல் நேர்மாறாகத் துள்ளிக் குதிக்கும்.

தாய்ப்பால், ஃபார்முலா, குழந்தை உணவுக்கு 100 மில்லி வரம்பு பொருந்தாது. செக்யூரிட்டியில் முதலிலேயே எடுத்துக் காட்டிச் சொல்லிவிடுங்கள். சத்துமாவு கொண்டுபோனால் சின்னப் பொட்டலங்களாக. 350 மில்லி அளவுக்கு மேல் பொடி இருந்தால் தனியாகப் பிரித்துப் பார்ப்பார்கள். கஞ்சி கரைக்க விமானத்தில் வெந்நீர் தருவார்கள், கொதிக்கக் கொதிக்கத் தருவார்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கைநீட்டி வாங்காதீர்கள், அவர்களிடமே ஆறவைத்துத் தரச் சொல்லுங்கள். மகளுக்கு நல்லெண்ணெய் தடவிய குட்டி இட்லி முதல் ஆறேழு மணி நேரத்துக்குத் தாங்கும், அப்புறம் பொரி, பிஸ்கட். டயபரை விட்டுவிட்ட பிள்ளையாக இருந்தாலும் அன்றைக்கு மட்டும் போட்டுவிடுங்கள், பெல்ட் விளக்கு எரியும்போது பாத்ரூமுக்கு விடமாட்டார்கள்.

நீங்கள் பாத்ரூம் போக வேண்டுமே, அப்போது? கேளுங்கள். பணிப்பெண்ணிடம் கேளுங்கள், பக்கத்துச் சீட்டுக்காரரிடம் கேளுங்கள். நம் ஊர்ப் பக்கம் போகும் விமானத்தில் பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பாட்டி ஒருவராவது இருப்பார். என் சின்னவன் ஒரு ராத்திரி அப்படி ஒரு பாட்டியின் தோளில்தான் தூங்கினான். மூன்று வரிசை தள்ளி இருந்தவர் தானாக எழுந்து வந்து, "நீ கொஞ்சம் கண்ணை மூடும்மா, நான் வச்சிருக்கேன்" என்றார். அப்படிக் கை நீட்டுகிறவர்களிடம் "பரவாயில்லைங்க" என்று சொல்லிவிடாதீர்கள். குழந்தை அழுததற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வரவும் வேண்டாம். முகம் சுளிப்பவர் சிலர் இருப்பார்கள். அவர்கள் பக்கம் திரும்பாமல் பிள்ளையைப் பாருங்கள்.

சென்னையில் பெரும்பாலான விமானங்கள் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில்தான் இறங்குகின்றன. அங்கிருந்து அப்படியே தூத்துக்குடி விமானமோ ரயிலோ பிடிக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். சென்னையில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு பகல், ஒரு ராத்திரி தங்குங்கள். உங்கள் அப்பாவோ கூடப் பிறந்த தம்பியோ முன்னாலேயே வந்து காத்திருந்து, மறுநாள் உங்களோடு சேர்ந்து ஊருக்கு வரட்டும். பத்தரை மணி நேர வித்தியாசம் ஒரு வாரம் ஆட்டிப் படைக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து விளையாடுவார்கள். விளக்கை மங்கலாக வைத்துச் சாப்பிட ஏதாவது கொடுத்துச் சும்மா இருங்கள். காலையில் நல்ல வெயிலில் முற்றத்தில் விட்டுவிடுங்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் போய் இறங்கக் கூடாது என்பதும் இதனால்தான். முடிந்தால் பத்து நாள் முன்னாலேயே போய்ச் சேருங்கள்.

திரும்பி வருவதைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. எனக்கு அதுதான் கவலை. கல்யாண அலைச்சலில் நீங்கள் களைத்திருப்பீர்கள், பிள்ளைகளுக்குச் சளியாவது பிடித்திருக்கும். அம்மாவுக்கு விசிட்டர் விசா இருந்தால் திரும்பும்போது அவரையும் கையோடு கூட்டி வாருங்கள், ஒரே புக்கிங்கில், பக்கத்துப் பக்கத்துச் சீட்டில். அபுதாபி வழியாக வந்தால் அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனை அங்கேயே முடிந்துவிடும். நியூயார்க்கில் உள்ளூர் விமானத்தில் வந்தவர்கள் மாதிரி நேராகப் பெட்டி எடுக்கப் போகலாம். அதற்காக அபுதாபியில் கூடுதல் நேரம் விட்டு எடுங்கள். பெட்டியில் கறிவேப்பிலை மட்டும் வேண்டாம், இங்கே அனுமதி இல்லை. அம்மாவுக்கு விசா இருக்கிறதா என்று எழுதுங்கள். இல்லையென்றால் நம் பக்கத்து ஊர்களில் அந்தத் தேதியையொட்டித் திரும்புகிறவர்கள் யாராவது உண்டா என்று நான் விசாரித்துச் சொல்கிறேன்.