குறுகலான நடை வழியாக 70 கிலோ வாஷிங் மெஷினைக் குளியலறைக்குள் கொண்டுபோவது எப்படி? ஆள் வைக்க வேண்டுமா?

ஆளைத் தேடும் முன் டேப்பைத் தேடுங்கள். நடை எத்தனை சென்டிமீட்டர் என்று நீங்கள் எழுதவில்லை. ராமேஸ்வரம் தீவில் எங்கள் தங்கச்சிமடத்து வீட்டைப் போலத்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்: ஒரு பக்கம் அடுப்படிச் சுவர், மறுபக்கம் அடுத்த வீட்டுச் சுவர், கடைக்கோடியில் இடது கைப்பக்கம் குளியலறைக் கதவு.

முன்பக்கம் கதவுள்ள மெஷின் என்றால் எடை இருக்கத்தான் செய்யும். வேகமாகச் சுழலும்போது ஆடாமலிருக்க உள்ளே கான்கிரீட் கட்டிகளைப் பொருத்தியிருக்கிறார்கள். ஆனால் எடை ஒரு பொருட்டே இல்லை, திருப்பம்தான் ஆளைப் படுத்தும். அகலமும் ஆழமும் 60 சென்டிமீட்டர் என்றால் மூலைக்கு மூலை 85 வருகிறது. 75 சென்டிமீட்டர் நடையில் நின்ற இடத்தில் அதைத் திருப்பப் பத்துப் பேர் வந்தாலும் முடியாது.

எங்கள் மெஷினைக் கடையிலிருந்து கொண்டுவந்தவர்கள் வாசலில் இறக்கிவிட்டு, "உள்ளே போகாது அக்கா, சின்னதாக மாற்றிக்கொள்ளுங்கள்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். என் கொழுந்தன்மார் இருவரும் கடலுக்குப் போகிறவர்கள். பெரியவன் வந்ததும் வராததுமாகத் தூக்கக் குனிந்தான். நான் விடவில்லை. குளியலறைக்குள் மெஷினின் முகம் எந்தச் சுவரைப் பார்க்க வேண்டுமோ, வாசலிலேயே அந்தத் திசையைப் பார்த்துத் திருப்பி வைக்கச் சொன்னேன். பிறகு நடையில் நேராகத் தள்ள வேண்டும். கோடிக்கு வந்ததும் மெஷினைத் திருப்பக் கூடாது, அப்படியே பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். "மதினி வள்ளத்தைக் கரை அணைக்கச் சொல்கிறார்கள்" என்று சின்னவன் சிரித்தான். சிரிக்கட்டும், புரிந்துகொண்டான் அல்லவா?

பக்கவாட்டில் தள்ள அங்கே ஆள் நிற்க இடமிருக்காது. அதனால் சின்னவன் முதலிலேயே குளியலறைக்குள் போய் நின்றுகொண்டான். படகுக் கயிற்றை மெஷினைச் சுற்றித் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கட்டினோம். மேலே கட்டி இழுத்தால் கவிழ்ந்துவிடும். கால்களுக்கு அடியில் சாக்கை விரித்துச் சோப்புத் தண்ணீர் தெளித்தோம். பிளாஸ்டிக் கதவைக் கீலோடு கழற்றியதில் ஒரு விரல்கடை இடம் கூடுதலாகக் கிடைத்தது. சின்னவன் உள்ளிருந்து இழுக்க, நிலையில் உரசாமல் வழுக்கிக்கொண்டு போய் நின்றது. மெஷினின் கதவையோ மேல் பலகையையோ யாரையும் பிடிக்க விடாதீர்கள், பெயர்ந்து கையோடு வந்துவிடும்.

பின்பக்கம் நீளமான போல்ட்டுகள் இருக்கும். பயணத்தில் டிரம் ஆடாமல் பிடித்திருப்பவை அவைதான். இடத்தில் வைக்கும் வரை கழற்றாதீர்கள், கழற்றாமல் ஓட்டவும் செய்யாதீர்கள், ஓட்டினால் மெஷின் குதிக்கும். கழற்றியதைப் பத்திரப்படுத்துங்கள், வீடு மாறும்போது தேவைப்படும். குளியலறைத் தரை தண்ணீர் போகும் பக்கம் சாய்ந்திருக்கும். கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி மேலே வைத்துப் பார்த்து, கால்களைத் திருகிச் சமன் செய்து, நட்டை இறுக்கிவிடுங்கள்.

'பொம்பளைக்கு ஏன் இந்த வேலை' என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: தூக்கியது நானில்லை, அளந்தது நான். 'கம்பெனி ஆளே செய்வாரே' என்பவர்கள் உங்கள் ஊர் நிலவரத்தைச் சொல்கிறீர்கள். எங்களுக்கு வாசல்வரை கொண்டுவரவே தனிக் கட்டணம் கேட்டார்கள். "தீவு அல்லவா மேடம்" என்றார் போனில் பேசியவர். பாம்பனில் சாலைப் பாலம் திறந்தது 1988இல். 1914இல் வந்த பழைய ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் புதிதாகவே ஒன்று கட்டி 2025இல் திறந்தாகிவிட்டது. ராமேஸ்வரத்துக்கு இத்தனை சுற்றுலா பஸ்கள் வருகின்றன, அவையெல்லாம் மிதந்தா வருகின்றன? இங்கிருந்து மீன் ஏற்றிக்கொண்டு போகிற லாரிக்காரரிடம் யாராவது தீவுக் கட்டணம் கொடுக்கிறார்களா? கடைசிவரை நான் கொடுக்கவில்லை, அது வேறு கதை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். தரைத்தளம் என்றால் வீட்டு ஆட்கள் இருவர் போதும். மாடிப்படி இருந்தால் கூலி கொடுத்துச் சுமை ஆட்களையே கூப்பிடுங்கள். படியில் கீழே நிற்பவன் மேல்தான் எடையில் பெரும்பகுதி இறங்கும், அந்த இடத்தில் தம்பியையோ மச்சானையோ நிறுத்தாதீர்கள்.