மஞ்சள் சளி வந்துவிட்டால் அன்டிபயோட்டிக் கொடுக்கத்தான் வேண்டுமா?

நான்கு வயது மகனுக்குத் தடிமன் தொடங்கி இன்று ஐந்தாம் நாள் என்றும், முதல் இரண்டு நாளும் இருந்த காய்ச்சல் விட்ட பிறகு மூக்குச்சளி மஞ்சளாகிவிட்டதென்றும், பாமசியில் வாங்கி வைத்திருக்கும் அமொக்சிசிலின் பாணியைக் கொடுக்கத் தொடங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியபடிதான் நிலைமை என்றால், தொடங்க வேண்டாம். நான் வைத்தியன் அல்லன். மட்டக்களப்பின் படுவான்கரையில் ஒரு கிராமிய வைத்தியசாலையின் மருந்து கொடுக்கும் பகுதியில் நெடுங்காலம் வேலை செய்தவன். மாரி பிறந்தால் தடிமனுக்கான மருந்துத் துண்டோடு வருகிறவர்களின் வரிசை வாசல் வரைக்கும் நிற்கும். அங்கே நான் கற்றுக்கொண்டது, சளியின் நிறத்தைப் பார்ப்பதைவிட நாட்களை எண்ணுவது மேல் என்பதுதான்.

தடிமன் வைரசால் வருவது; அன்டிபயோட்டிக் வைரசைக் கொல்லாது. தடிமன் தரும் ரைனோ வைரசில் மட்டும் 160 வகைக்கு மேல் உண்டு. மூன்றாம், நான்காம் நாளில் வெண்குருதிக் கலங்கள் மூக்கில் வந்து குவியும்போது, அவற்றிலுள்ள பச்சை நிற நொதியமே சளியை மஞ்சளாகவும் பச்சையாகவும் ஆக்குகிறது. ஆகவே அந்த நிறம் பக்டீரியா வந்துவிட்டதற்கு அடையாளம் ஆகாது. சிறுபிள்ளைகளுக்குக் காய்ச்சல் பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று நாளோடு நின்றுவிடும். மூக்கு பத்து நாளுக்குள் தெளியும். இருமல் மட்டும் மூன்று வாரம் வரையும் இழுக்கலாம். பத்து நாள் கடந்தும் சற்றும் குறையாவிட்டால், அல்லது குறைந்து வந்தது மறுபடி காய்ச்சலோடு கூடினால், அப்போதுதான் பீனிசத்தையோ (மூக்கைச் சுற்றிய எலும்பறைகளின் அழற்சி) காதுக்குள் சீழ் பிடித்ததையோ சந்தேகித்து வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

இதை அறியாமல் நானும் பிழை செய்திருக்கிறேன். என் மகள் சிறுபிள்ளையாக இருந்தபோது, மிஞ்சிக் கிடந்த பாணியை இரண்டு நாள் பருக்கினேன். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. பாணிதான் கேட்டது என்று பல வருடம் நம்பியிருந்தேன். காய்ச்சல் தானாக விட வேண்டிய நாளில்தான் விட்டது என்பதும், தண்ணீர் கலந்த பாணி ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் வீரியத்தோடு இராது என்பதும் பின்னர்தான் விளங்கின.

அன்டிபயோட்டிக் தவறாமல் கொடுக்க வேண்டிய தொண்டை நோவும் உண்டு. அதில் மூக்கொழுகலும் இருமலும் இராது. திடீரென 38 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சலும், விழுங்க முடியாத வலியும், உண்ணாக்கின் இருபுறமும் வீங்கி வெண்படலமும், கழுத்தின் முன்பக்கம் தொட்டால் நோகும் கட்டிகளும் இருக்கும். ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் இது அதிகம். இதைத் தரும் ஸ்ரெப்டோகொக்கஸ் என்ற பக்டீரியாவைக் கவனியாமல் விட்டால் வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வுகளைக் கெடுத்துவிடலாம். தொடங்கி ஒன்பது நாளுக்குள் பெனிசிலின் தொடங்கினால் அதைத் தடுக்கலாம். ஆனால் இரண்டாம் நாளே வலி நின்றுவிட்டாலும் வைத்தியர் எழுதிய பத்து நாளையும் முடிக்க வேண்டும். பாதியில் நிறுத்தி மீதியை அலமாரியில் வைப்பதுதான் எங்கள் ஊர் வழக்கம்.

மட்டக்களப்பில் மாரி என்றால் டெங்குவும் கூடவே வருகிறது. தடிமனோ இருமலோ இல்லாமல் உடம்புளைவும் கண்ணுக்குப் பின்னால் வலியுமாகக் காய்ச்சல் எரிந்தால், மூன்றாம் நாளுக்குள் முழு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். டெங்குவில் ஆபத்து காய்ச்சல் விடும் வேளையில்தான் தொடங்கும். சந்தேகம் தீரும்வரை அஸ்பிரின், இபுபுரோபன், டைக்குளோபினாக் எதையும் கொடுக்கக்கூடாது.

இப்போது உங்கள் மகனுக்குச் செய்யக்கூடியது சொற்பம். காய்ச்சல் திரும்பினால் பரசிற்றமோல், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம்; 16 கிலோப் பிள்ளைக்கு, 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியில் 10 மில்லிலீற்றர், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளொன்றுக்கு நான்கு தடவைக்கு மேற்படாமல். இரவில் ஒரு தேக்கரண்டி தேன் இருமலைத் தணிக்கும். ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்கு மட்டும் தேனை நாவில் தொடவும் வேண்டாம். கொத்தமல்லி அவித்த தண்ணீரை ஆற வைத்துத் தாராளமாகக் கொடுங்கள். அதனால் கிருமி சாகாது, ஆனால் பிள்ளை அதைக் குடிக்கும். வேது பிடிக்க வேண்டாம். கொதிநீர்ப் பானை கவிழ்ந்து வெந்து வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

இன்றிரவு அவன் தூங்கும்போது சட்டையைத் தூக்கி, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். 40 அல்லது அதற்கு மேல் இருந்தால், விலாவுக்குக் கீழே உள்வாங்கினால், அல்லது எழுப்பியும் குடிக்க மறுத்தால், விடியும் வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அப்படி எதுவும் இல்லையென்றால் அந்தப் போத்தலை மூடியபடியே விட்டுவிட்டு, பத்தாம் நாளைக் கலண்டரில் குறித்து வையுங்கள்.