டான்யூப் கரையில் நான்கு நாள்: முதலில் சாப்பாட்டு நேரம், அப்புறம் சைக்கிள்

கேள்வி: நாங்கள் மியூனிக்கில் வசிக்கிறோம். அக்டோபர் முதல் வாரத்தில் நான்கு நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. டான்யூப் ஆற்றோரம் ஜெர்மனியின் பாசாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை சைக்கிளில் போகலாம் என்று ஆசை. அந்த ஊர்ச் சாப்பாடு, பழைய கட்டடங்கள், சைக்கிள் மூன்றும் வேண்டும். நான் சைக்கிளைத் தொட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. கணவர் சுத்த சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவார். இந்தத் திட்டம் நடக்குமா?

பதில்: பாசாவிலிருந்து வியன்னாவுக்கு ஏறக்குறைய 320 கி.மீ. நான்கால் வகுத்தால் நாளுக்கு 80. பாதை பெரும்பாலும் சமதளம் என்பதால் பழகிய கால்களுக்கு இது பெரிய தூரமில்லை. ஆனால் 80 கி.மீ. ஓட்டும் நாளில் வேறு எதுவும் நடக்காது. மடாலய வாசலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். மதியம் பெட்ரோல் பங்க் சாண்ட்விச்தான். சாயங்காலம் ஊர் போய்ச் சேரும்போது சமையலறையை மூடியிருப்பார்கள். நீங்கள் கேட்ட மூன்றில் இரண்டு கையை விட்டுப் போய்விடும்.

அதனால் பாசாவை மறந்துவிடுங்கள். ஆஸ்திரியாவில் மெல்க் ஊரிலிருந்து க்ரெம்ஸ் வரை உள்ள வாஹாவ் பள்ளத்தாக்கு போதும். ஆற்றோரமாகச் சுமார் 36 கி.மீ.தான். அதற்குள் திராட்சைப் படிக்கட்டுத் தோட்டங்கள், கோட்டைகள், மடாலயங்கள், மது விடுதிகள் எல்லாம் வந்துவிடுகின்றன. 2000ஆம் ஆண்டில் யூனெஸ்கோ இந்தப் பள்ளத்தாக்கு முழுவதையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இதை நான்கு நாளுக்குப் பரப்பிக்கொள்வது சோம்பேறித்தனம் இல்லை.

திட்டம் போடும் வரிசையையும் கொஞ்சம் மாற்றச் சொல்வேன். பலரும் முதலில் தூரத்தைப் பிரித்து, பிறகு அறை பிடித்து, சாப்பாட்டைப் போகிற இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். இங்கே அது சரிப்படாது. இந்தப் பகுதியின் நல்ல சாப்பாடு ஹொய்ரிகர் எனப்படும் விடுதிகளில்தான் கிடைக்கிறது. திராட்சை விவசாயி தன் வீட்டு முற்றத்திலேயே தன் மதுவை விற்கும் இடம் அது. 1784இல் பேரரசர் இரண்டாம் யோசஃப் கொடுத்த அனுமதியிலிருந்து வளர்ந்த வழக்கம். ஒரு விடுதி வருடம் முழுக்கத் திறந்திருக்காது. சில வாரம் திறக்கும், பிறகு மூடிவிடும், அப்போது பக்கத்து வீடு திறக்கும். திறந்திருக்கும் வீட்டு வாசலில் கம்பு நீட்டி இலைக்கொத்து கட்டியிருக்கும். கொத்து இல்லாவிட்டால் கதவைத் தட்டிப் பயனில்லை. எந்த வாரம் எந்த வீடு என்ற அட்டவணை ஒவ்வொரு ஊருக்கும் உண்டு. அதை முதலில் பாருங்கள். அப்புறம் அறை. கடைசியில் சைக்கிள்.

நாட்களை இப்படிப் பிரிக்கலாம். முதல் நாள் ரயிலில் சாங்க்ட் போல்டன், அங்கிருந்து உள்ளூர் ரயிலில் மெல்க். மதியத்துக்குப் பிறகு மடாலயம், இரவு அங்கேயே. இரண்டாம் நாள் தென்கரையில் 18 கி.மீ. போலப் போய், படகில் வடகரைக்குக் கடந்து ஷ்பிட்ஸ் அல்லது வைசன்கிர்ஹென் ஊரில் இரண்டு இரவு. மூன்றாம் நாள் மூட்டை இல்லாமல் சுற்றலாம். நான்காம் நாள் க்ரெம்ஸ் போய் ரயில் ஏறலாம். திசையை மாற்றாதீர்கள். ஆறு கிழக்கே ஓடுகிறது, காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுகிறது. பல வருடம் கழித்து ஓட்டுபவருக்கு முதுகில் தள்ளும் காற்று பெரிய உதவி.

மெல்க் மடாலயத்தில் பெனடிக்டின் துறவிகள் 1089 முதல் இருக்கிறார்கள். இன்று பாறை மேல் நிற்கும் மஞ்சள் நிற பரோக் கட்டடம் 1702க்கும் 1736க்கும் இடையில் எழுந்தது. வடிவமைத்தவர் யாக்கோப் பிராண்ட்டாவர். உள்ளே நூலகத்துக்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தேவாலயத்தின் தங்கப் பூச்சு பத்து நிமிடத்தில் கண்ணைக் களைப்பாக்கிவிடும் என்பது என் அபிப்பிராயம், நூலகத்தில் அப்படி ஆகாது.

மெல்குக்கும் க்ரெம்ஸ் பக்கத்துக்கும் இடையில் பாலமே கிடையாது. கரை மாறப் படகுதான். ஷ்பிட்ஸுக்கும் எதிர்க்கரை ஆர்ன்ஸ்டார்ஃபுக்கும் இடையே ஓடும் படகைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். அதில் எஞ்சின் இல்லை. ஆற்றுக்கு மேலே குறுக்காகக் கட்டிய கம்பியோடு படகு இணைந்திருக்கிறது. படகை நீரோட்டத்துக்குச் சாய்வாகத் திருப்பினால் ஆற்றின் வேகமே அதை அக்கரைக்குத் தள்ளிவிடும். காரும் சைக்கிளும் அதே தட்டில்தான் நிற்கும். சாயங்காலத்தோடு படகு நின்றுவிடும். தோட்ட விடுதியில் இன்னொரு கிளாஸ் என்று உட்கார்ந்தால் இரவு தவறான கரையில் மாட்டிக்கொள்வீர்கள். கடைசிப் படகு எப்போது என்று காலையிலேயே துறைப் பலகையில் பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் நாள் தென்கரையைச் சொன்னதற்குக் காரணம் அமைதி. வடகரையில் ஊர்கள் அதிகம், நெடுஞ்சாலைச் சத்தமும் அதிகம். தென்கரையில் பழத்தோட்டங்கள். மேலே ஆக்ஷ்டைன் கோட்டை இடிபாடு ஆற்றுக்கு மேல் சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு நடந்து ஏறலாம், ஆனால் செங்குத்து. முதல் நாளே முட்டி வலித்தால் விட்டுவிடுங்கள், மறுநாள் டியுர்ன்ஷ்டைன் கோட்டை இருக்கிறது.

டியுர்ன்ஷ்டைன் கதை தெரிந்திருக்கலாம். சிலுவைப் போரிலிருந்து திரும்பிய இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டை, 1192 டிசம்பரில் வியன்னா அருகே பிடித்து, ஆஸ்திரியக் கோமகன் ஐந்தாம் லியோபோல்டு இந்தக் கோட்டையில்தான் அடைத்து வைத்தார். 1645இல் சுவீடன் படை வெடிவைத்துப் போனதால் இப்போது மொட்டைச் சுவர்கள்தான் மிச்சம். ஏற அரை மணி நேரம். பகலில் கப்பல் கப்பலாகக் கூட்டம் இறங்கும், அதனால் காலையில் போங்கள். அக்டோபர் தொடக்கத்தில் சூரியன் ஏழு மணிக்குத்தான் உதிக்கும், பள்ளத்தாக்கில் மூடுபனி வேறு இருக்கும். பனி கலைந்துகொண்டிருக்கும்போது மேலிருந்து பார்த்தால் கீழே மடாலயத்தின் நீலக் கோபுரம் மட்டும் வெளியே தெரியும்.

நேரமிருந்தால் ஷ்பிட்ஸிலிருந்து ஆற்றுக்கு மேல்நோக்கி ஐந்து கி.மீ. போய் வில்லன்டார்ஃப் பார்க்கலாம். 1908இல் ரயில் பாதை போடும் வேலையின்போது நடந்த அகழ்வில் 11 செ.மீ. உயரச் சுண்ணாம்புக்கல் பெண் சிலை ஒன்று கிடைத்தது. வயது ஏறக்குறைய 30,000 ஆண்டுகள். அசல் வியன்னா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இங்கே நகல்தான். அகழ்வாராய்ச்சியில் ஆர்வம் இல்லையென்றால் தவறவிட்டதாக வருத்தப்பட வேண்டாம்.

சரி, சாப்பாடு. வாஹாவ் என்றதும் எல்லோரும் ஆப்ரிகாட் என்பார்கள். அது ஜூலைப் பழம். அக்டோபரில் ஜாம், ஜூஸ், சாராயம் என்று புட்டிக்குள்தான் கிடைக்கும். ஆப்ரிகாட் கொழுக்கட்டை கேட்டால் உறையவைத்த பழத்தில் செய்து தருவார்கள். இது பிளம்ஸின் பருவம், அதனால் ஸ்வெட்ஷ்கன் க்னூடல் கேளுங்கள். உருளைக்கிழங்கு மாவில் முழு பிளம்ஸ் பொதிந்து வேகவைத்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூளில் புரட்டித் தருவார்கள். உள்ளே பழச்சாறு கொதித்துக்கொண்டிருக்கும், அவசரப்பட்டுக் கடித்தால் நாக்கு போய்விடும். வடக்கே ஒட்டியுள்ள வால்ட்ஃபியர்டல் பகுதி கசகசாவுக்குப் பேர்போனது. அரைத்த கசகசாவிலும் சர்க்கரையிலும் புரட்டிய உருளைக்கிழங்கு மாவு நூடுல்ஸான மோன்நூடல்ன் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

உங்கள் கணவருக்கு உண்மையான சிரமம் கண்ணுக்குத் தெரியும் இறைச்சியால் வராது, ஒளிந்திருப்பதால்தான் வரும். பூசணி சூப் மாட்டெலும்புச் சாற்றில் செய்திருக்கலாம். ரொட்டியில் வெள்ளையாகப் பூசியிருப்பது வெண்ணெய் இல்லாமல் பன்றிக் கொழுப்பாக இருக்கலாம். மெனுவில் ஷ்மால்ஸ் என்று இருக்கும். கிராமல்ன் என்றால் அதே கொழுப்பின் வறுத்த துணுக்குகள், காரக் கொழுக்கட்டைக்குள் வைப்பார்கள். மிளகாய்த்தூள் சேர்த்த லிப்டாவர் சீஸ் பூச்சு சைவம் போலத் தெரிந்தாலும், சில வீடுகளில் நெத்திலி வகை மீனை அரைத்துச் சேர்ப்பதுண்டு. 'சைவமா?' என்று மட்டும் கேட்காமல் கொழுப்பு, எலும்புச்சாறு, மீன் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டால் நேரான பதில் வரும். பாரம்பரிய விவசாயி விடுதிகளில் குளிர்ந்த பலகாரம் மட்டுமே இருக்கும், அங்கே சைவத்துக்கு ரொட்டி, சீஸ், பூச்சு வகைகள்தான். எனவே சூடான சாப்பாட்டை மதியமே ஓர் உணவகத்தில் முடித்துக்கொண்டு மாலைக்கு விடுதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பருவத்துக்கே உரியது ஷ்டுர்ம். பாதி நொதித்த திராட்சைச் சாறு, கலங்கலாக, இனிப்பாக இருக்கும். இரண்டு எச்சரிக்கை. ஜூஸ் மாதிரி இறங்கும், ஆனால் போதை உண்டு. வயிற்றிலும் நொதிப்பு தொடர்வதால் பழக்கமில்லாதவர்கள் ஒரு கிளாஸோடு நிறுத்துவது நல்லது. இன்னொன்று, புட்டியை இறுக மூட மாட்டார்கள், மூடினால் வாயு சேர்ந்து வெடிக்கும். அதைச் சைக்கிள் பையில் படுக்கவைத்தால் துணியெல்லாம் நனைந்துவிடும். ஆஸ்திரியாவில் சைக்கிள் ஓட்டுபவருக்கும் ரத்த ஆல்கஹால் வரம்பு உண்டு, 0.8 புரோமில் (ஆயிரத்தில் 0.8 பங்கு). ஜெர்மனியில் பழகிய கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். மீறினால் அபராதம் 800 யூரோவிலிருந்து தொடங்கும். குடிப்பதானால் தங்கும் ஊரிலேயே, சைக்கிளை நிறுத்திய பிறகு.

அறுவடை நேரம் என்பதால் குறுகிய பாதைகளில் டிராக்டர்கள் திராட்சைத் தொட்டியோடு வரும். ஓரமாக இறங்கி நின்றுவிடுங்கள். தரையில் நசுங்கிக் கிடக்கும் திராட்சைத் தோலும் ஈர இலையும் சேர்ந்தால் சோப்புத் தண்ணீர் கொட்டிய தரை மாதிரி வழுக்கும். தோட்டத்திலிருந்து ஒரு கொத்துப் பறித்துக்கொள்ளலாம் என்று தோன்றும், வேண்டாம், அது திருட்டு.

வாடகைச் சைக்கிள் எடுத்தால் பின்மிதி பிரேக் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். கைப்பிரேக்கில் மட்டும் பழகியவர்கள் சும்மா பெடலைப் பின்னால் சுற்றும் வழக்கத்தில் கீழே விழுவதுண்டு. எடுத்த இடத்திலேயே பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். சமதளம் என்பதால் மின்சைக்கிள் அவசியமில்லை. இருக்கை உயரம் சரியாக இருப்பதும், மெத்தை வைத்த கால்சட்டையும்தான் முக்கியம். கிளம்புவதற்கு முன் இரண்டு மூன்று வார இறுதியில் ஈசார் ஆற்றோரம் 20 கி.மீ. ஓட்டிவிட்டால் உட்காரும் இடம் பழகிவிடும்.

மழை பிடித்துக்கொண்டால் கப்பல் இருக்கிறது, சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளும். மெல்கிலிருந்து க்ரெம்ஸுக்கு நீரோட்டத்தோடு ஒன்றேமுக்கால் மணி நேரம். எதிர்த்து வந்தால் மூன்று மணி நேரத்தை நெருங்கும். அக்டோபர் கடைசியில் பருவம் முடிகிறது, உங்கள் வாரத்துக்குப் பிரச்சினை இல்லை.

சொந்தச் சைக்கிளைக் கொண்டுபோவதானால் ரெயில்ஜெட் என்ற விரைவு ரயிலில் சைக்கிளுக்குத் தனியாக இடம் முன்பதிவு செய்ய வேண்டும், இடங்கள் குறைவு. வாடகை என்றால் மெல்கில் எடுத்து க்ரெம்ஸில் விட முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பும்போது எல்லையில் ஜெர்மன் போலீஸ் ரயிலுக்குள் ஏறிச் சோதிப்பார்கள். பாஸ்போர்ட்டும் வசிப்பு அனுமதி அட்டையும் சைக்கிள் பைக்குள் இல்லாமல் கைப்பையில் இருக்கட்டும்.